வெஜிமைட் ருசி பழகியது எப்படி

ஆஸ்திரேலியர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெஜிமைட்டை ரசித்துச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிட்டேன். மெல்பர்னுக்குப் புதிதாக வந்து, மஞ்சள் மூடி போட்ட அந்தப் பாட்டிலைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று பழகிய விதத்தை எழுதி வைக்கிறேன்.

ஜாம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். இது கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும் கெட்டி விழுது. மூடியைத் திறந்தால் சோயா சாஸும் மால்ட்டும் கலந்த வாசனை. நாக்கில் பட்டவுடன் உப்பு, அப்புறம் மெல்லிய கசப்பு, இரண்டும் அடங்கியபின் வாயிலேயே தங்கிவிடுகிற ஓர் ஆழமான ருசி. அந்த மூன்றாவதுக்காகத்தான் இவ்வளவும்.

பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்தான் இதற்கு மூலப்பொருள். உப்பும் சூடும் சேரும்போது ஈஸ்ட் செல்கள் உடைகின்றன. உள்ளே இருக்கும் என்சைம்களே அவற்றின் புரதத்தைச் சிதைத்துவிடும். தோலை வடிகட்டிச் சாற்றை வற்றவைத்தால் குளுட்டமேட் நிறைந்த விழுது கிடைக்கிறது. வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல் ஜப்பானியக் கடற்பாசிச் சாற்றில் கண்டு 'உமாமி' என்று பெயர் வைத்த ருசிக்குக் காரணம் இதே குளுட்டமேட்தான். தக்காளியிலும் காளானிலும் நாம் தினமும் சாப்பிடுவதுதான். இங்கே அது பல மடங்கு செறிந்து வருகிறது, அவ்வளவே.

இந்த ஊர்க்காரர்களும் உடனே விரும்பிவிடவில்லை. பிரிட்டனில் இதே மாதிரி ஈஸ்ட் விழுதான மார்மைட் 1902-இலேயே வந்துவிட்டது. முதல் உலகப் போரினால் அதன் வரத்து தடைபட்ட பிறகு, மெல்பர்னில் ஃப்ரெட் வாக்கரின் கம்பெனிக்காக சிரில் கலிஸ்டர் என்ற வேதியியலாளர் வெஜிமைட்டை உருவாக்கினார். 1923-இல் கடைக்கு வந்தது, விற்கவில்லை. 1928-இல் 'பார்வில்' என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் எடுபடாமல் 1935-இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள். இதைப் படித்தபின் எனக்குப் பொறுமை கூடியது.

எனக்குக் கைப்பக்குவம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. சாதாரண வெள்ளை ரொட்டி போதும் என்றார். டோஸ்டரிலிருந்து எடுத்த சூட்டோடு வெண்ணெயைத் தாராளமாகத் தடவ வேண்டும். பாதி உருகி ரொட்டிக்குள் இறங்கி, பாதி மேலே நிற்கும்போது கத்தி நுனியில் ஒரு மிளகளவு வெஜிமைட் எடுத்து இழுக்க வேண்டும். ரொட்டி முழுக்கக் கறுத்துவிடக் கூடாது. பழுப்புக் கோடுகளுக்கு நடுவே வெண்ணெயின் மஞ்சள் தெரிய வேண்டும். நூறு கிராமில் எட்டு கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள வேண்டிய பொருள். வெண்ணெயின் கொழுப்பு அந்த உப்பையும் கசப்பையும் மட்டுப்படுத்துகிறது.

தினமும் காலையில் இப்படிச் சாப்பிட்டு வந்ததில் கசப்பு மெதுவாகப் பின்னுக்குப் போய்விட்டது. மிளகளவு கொஞ்சம் பெரிதாகி, இப்போது ஒரு பட்டாணி அளவு தாங்குகிறது. மேலே செடார் சீஸ் வைத்து கிரில் செய்தால் இன்னும் ருசி. அவகாடோவோடும் நன்றாக ஒத்துப்போகிறது. புளிப்பு ரொட்டி மட்டும் சரிப்படவில்லை.

சமையலிலும் போட்டுப் பார்த்தேன். காளான் வறுவலில் கால் டீஸ்பூனை வெந்நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, உப்பைக் குறைத்தால் பிரமாதம். சாம்பாருக்கு வேண்டாம், புளியோடு சேராமல் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் காய்ச்சல் நேரத்தில் சுடுதண்ணீரில் மார்மைட் கரைத்துத் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து தந்தார். தொண்டைக்கு அத்தனை இதமாக இருந்தது.

மார்மைட்டுக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-இல் எழுதினார். அதிலிருந்த மருந்துப்பொருள் ஃபோலேட் என்ற வைட்டமின் என்பது பின்னால் தெரியவந்தது. ஒரு டோஸ்ட் ஸ்ப்ரெட்டுக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு தொட வேண்டும். மன அழுத்தத்துக்கு எம்ஏஓஐ வகை மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது. இதிலுள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

அடுத்ததாக பிரிட்டிஷ் மார்மைட்டில் இறங்கியிருக்கிறேன். கத்தியிலிருந்து பாகாக வழிகிறது. கொஞ்சம் இனிப்பும் தெரிகிறது. கிரம்பெட் என்ற துளைத்துளையான பிரிட்டிஷ் ரொட்டியில் தடவினால் துளைகளுக்குள் வெண்ணெயோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. இப்போதைக்கு வாரநாட்களில் வெஜிமைட் டோஸ்ட், ஞாயிற்றுக்கிழமை கிரம்பெட்டும் மார்மைட்டும்.