கறை என்று நினைத்தேன்

மூன்று சனிக்கிழமைகளில் 112 படங்களை ஸ்கேன் செய்து முடித்திருக்கிறேன். அவற்றில் 40 படங்களின் வேலையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

படங்கள் என் தோழியின் பாட்டியுடையவை. ஊர் சாக்கட்டோன், அமெரிக்காவின் அரிசோனாவில் நான் வசிக்கும் சாண்ட்லரிலிருந்து காரில் அரை மணி நேரம். 1859இல் பீமா, மாரிகோபா பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தின் தலைமை ஊர் அதுதான். பீமா என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை அகிமெல் ஓதம் என்கிறார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். நம் மொழியில் ஓதம் என்றால் ஈரம். தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் கேட்ட நாளிலிருந்து மனத்தை விட்டு அகலவில்லை.

முதல் சனிக்கிழமை முழுவதும் ஒரே ஆல்பத்தில் போய்விட்டது. 1970களில் பரவலாக விற்ற பசைப் பக்க ஆல்பம். இழுத்தால் படம் கிழிந்துவிடும். மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, அறுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் இழுத்தேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். வண்ணப் படங்கள் சிவந்துபோயிருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படங்கள் திடமாக நிற்கின்றன. ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 டி.பி.ஐ.) நுணுக்கத்தில், தரம் குறையாத டிஃப் கோப்பாக, பின்புறமும் தனியாக.

ஒரு பக்கத்தில் நாளிதழ் நறுக்கு ஒன்று. 1945 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானின் இவோ ஜிமா தீவின் மலையுச்சியில் கொடி நட்ட ஆறு அமெரிக்க வீரர்கள். இடது ஓரத்தில் கைகளை உயர்த்தி நிற்பவர் சாக்கட்டோனில் பிறந்த ஐரா ஹேய்ஸ். நான் ஆவலாகக் குனிந்தேன். “இதை உலகமே பார்த்துவிட்டது, அடுத்த பக்கத்தைத் திருப்பு” என்றார் பாட்டி.

அடுத்த பக்கத்தில் ஒரு பந்தல். நம் சீமைக்கருவேலத்தின் இனமான மெஸ்கீட் மரக்கால்களை நட்டு, மேலே தழை பரப்பியது. வட்டோ என்பார்கள். கோடையில் சமையல், தூக்கம், விருந்து எல்லாம் அதன் கீழேதான். பின்னால் வீடு: நட்ட கம்பங்களின் இருபுறமும் குறுக்குச் சட்டங்கள் அடித்து நடுவே சேறு திணித்த சுவர். பந்தலின் முன் தாய், தாயின் இடுப்பில் ஒரு பையன், கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

இரண்டாம் வாரம் கணினியில் 40 படங்களின் கறைகளைத் துடைத்தேன். பந்தல் படத்தின் கீழ்மூலையில் ஒரு வெளிறிய பட்டை இருந்தது. எப்போதோ ஈரம் பட்ட கறை என்று எண்ணி, மண் நிறத்தால் மூடினேன். மூன்றாம் சனிக்கிழமை அதை அச்சிட்டு எடுத்துப் போனேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“வாய்க்கால் எங்கே?”

வெயிலில் மின்னிய தண்ணீரைத்தான் நான் துடைத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்மடையில் குடியேறியவர்கள் ஹீலா ஆற்றைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். ராணுவத்துக்கே கோதுமை விற்ற ஓதம் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மெஸ்கீட்டை வெட்டி விறகாக விற்றுப் பிழைத்தார்கள். 1930இல் அந்த ஆற்றில் கூலிட்ஜ் அணை திறந்தும் நிலம் நனையப் போதிய நீர் வரவில்லை. ஆற்றில் அவர்களுக்குரிய பங்கைத் தீர்த்துவைக்கும் சட்டம் 2004இல்தான் வந்தது.

“வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அப்பா கேமரா இரவல் வாங்கி வந்தார். நாங்கள் பந்தலுக்காகவா நின்றோம்?” என்றார் பாட்டி. படத்தின் பின்புறம் வெலாக்ஸ் என்ற புகைப்படத் தாளின் முத்திரை இருக்கிறது, தேதி இல்லை. பாட்டி சொன்ன தேதி: தம்பி நடக்கத் தொடங்காத வருடம். சாகுவாரோ கள்ளியின் உலர்ந்த விலாக்கம்பில் வருடத்துக்கு ஒரு வெட்டு போட்டு, அதைத் தொட்டுத் தொட்டு வரலாறு சொன்ன மக்கள் அவர்கள். அந்தத் தேதியை அப்படியே கோப்பின் பெயராக வைத்துவிட்டேன்.

இனி கேட்காமல் எதையும் துடைக்கவோ ஓரத்தை வெட்டவோ போவதில்லை. ஒவ்வொரு படத்தையும் பாட்டியிடம் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்த பிறகே அடுத்த வேலை.

காப்பித் தகரம் ஒன்றில் ஏழு நெகட்டிவ்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரு கரும்பட்டை ஓடுகிறது. நெகட்டிவில் கறுப்பு என்றால் படத்தில் வெளிச்சம். பெட்டியில் வைத்து மூடியிருக்கிறேன். சனிக்கிழமை பாட்டியோடு சேர்ந்து திறப்பேன்.