கனடா பட்டாணி ஏறுற இடம்

எங்கப்பா விருதுநகர்ல ஒரு பருப்பு கமிஷன் கடையில முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதுனவரு. ஸ்கூல் லீவு விட்டா அவருக்கு மத்தியானச் சாப்பாட்டை தூக்குவாளியில கொண்டு போறது என் வேலை. கடை வாசல்ல ஒரு கரும்பலகை இருக்கும், அன்னன்னைக்கு விலையை சாக்பீஸ்ல எழுதிப் போடுவாங்க, துவரை, உளுந்து, பாசிப்பயறுன்னு வரிசையா வந்து கீழ 'பட்டாணி வெள்ளை, கனடா'ன்னு ஒரு வரி இருக்கும். தூத்துக்குடியில கப்பல்ல இருந்து இறங்கி லாரியில வர்ற சரக்கு அது. கனடான்னா பட்டாணியில ஒரு ரகம்னுதான் நான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன்.

2019 நவம்பர்ல கனடாவுல சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வந்து இறங்குனப்போ கூட அந்த வரி எனக்கு ஞாபகம் வரல. என் வீட்டுக்காரருக்கு விவசாய மெஷின் விக்கிற கடை ஒண்ணுல மெக்கானிக் வேலை, வேலைக்கு வேண்டிய ஆளை மாகாணமே தேர்ந்தெடுத்து கூப்பிடுற மாகாண நாமினி ப்ரோக்ராம் வழியா வந்தோம். மாகாணத் தலைநகர் ரெஜைனாவுல இருந்து கார்ல மூணு மணி நேரம், மொத்தமே அறுநூறு பேர் இருக்கிற ஊரு. ஒரு கோ-ஆப் கடை, ஒரு போஸ்ட் ஆபீஸ், ஹாக்கி ஆடுற ஐஸ் ரிங்க், தண்டவாளத்தை ஒட்டி ஒசரமா ஒரு எலிவேட்டர், நம்ம ஊரு லிஃப்ட் இல்ல, தானியத்தைக் கொட்டி வைக்கிற கிடங்கு. அவ்வளவுதான் ஊரு. அந்த மொத குளிர்காலத்துல மைனஸ் முப்பதுல நான் வாசப்படி தாண்டுறதே அபூர்வம், தமிழ்ல பேசணும்னா போன்லதான் பேசணும், ஜன்னல் பக்கத்துல உக்காந்து பனியைப் பாத்துட்டே இருப்பேன். வாரத்துல ரெண்டு நாள் பழைய இன்ஜின் ஒண்ணு முப்பது வேகனை இழுத்துக்கிட்டு ஊருக்குள்ள மெதுவா வரும், ஹாரன் அடிக்கும், அந்தச் சத்தத்தை கேட்டாத்தான் ஏதோ விருதுநகர்ல வீட்டுக்குப் பின்னாடி கூட்ஸ் வண்டி போற மாதிரி மனசு ஒரு நிலைக்கு வரும்.

மறுவருஷம் அந்த ரயில்வேயிலயே எனக்கு வேலை கிடைச்சுச்சு. கோ-ஆப் கடை நோட்டீஸ் போர்டுல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருந்தாங்க, ஆபீஸ் கிளார்க் வேணும், பார்ட் டைம்னு. நான் பி.காம். படிச்சவ, போய்க் கேட்டேன். ரயில்வே ஆபீஸ்னா ஜங்ஷன் மாதிரி கட்டடம் இருக்கும்னு நெனச்சுப் போனா அது ஒரு பெரிய தகர ஷெட்டுக்குள்ள ரெண்டு ரூம்பு. டிரைவர், கண்டக்டர், தண்டவாளம் பாக்குறவங்க, மேனேஜர், என்னையும் சேத்து பதினோரு பேரு. மேனேஜருக்கு அறுபது வயசுக்கு மேல, பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு சொன்னாரு, எனக்கு அது வாயில வர ஆறு மாசம் ஆச்சு, இப்பவும் போன்ல பேசும்போது 'சார்'னு வந்துரும்.

அவரு மொத நாள் எனக்கு சொன்னது, "நீ வேலை பாக்குறது ரயில்வேயில இல்ல, இந்த ஊர்க்காரங்க சேமிப்புல." அது அப்போ புரியல. இந்த ஊர் காபி கடையில காலையில விவசாயிங்க சேந்து உக்காந்து பேசுறதுக்கு காபி ரோன்னு பேரு, அங்க போய் உக்கார ஆரம்பிச்ச பிறகுதான் கதை முழுசா தெரிஞ்சுது. 1897-ல க்ரோஸ் நெஸ்ட் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, அதுல இருந்து வந்த க்ரோ ரேட்னால தானியத்துக்கு ரயில் கட்டணம் ரொம்ப குறைச்சலா இருந்துச்சு, மானியம் எல்லாம் சேத்து ஏதோ ஒரு ரூபத்துல அது 1995 வரைக்கும் ஓடுச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 1-ந் தேதியோட அது முடிஞ்சுது. அப்புறம் பெரிய ரயில்வேங்க கிளை லைனை எல்லாம் கைவிட ஆரம்பிச்சாங்க. மெயின் லைன்ல பெரிய கான்க்ரீட் எலிவேட்டர் கட்டி, நூறு வேகனுக்கு மேல ஒரே வண்டியா ஏத்துறவங்களுக்கு கட்டணத்துல தள்ளுபடி, சின்ன ஊருக்கு ஒண்ணும் இல்ல. 1996 சட்டப்படி ஒரு லைனை மூடணும்னா முன்கூட்டியே திட்டத்துல போட்டுக் காட்டணும், வாங்க ஆள் இருக்கான்னு விளம்பரம் குடுக்கணும், யாரும் வரலைன்னா அரசாங்கங்களுக்கு பழைய இரும்பு விலைக்கு கேட்டுப் பாக்கணும், அதுக்கும் ஆள் இல்லைன்னா தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுப் போயிரலாம்.

பக்கத்து ஊர்ல எல்லாம் பேத்துட்டாங்க. தண்டவாளம் இருந்த மேடு மட்டும் புல்லு முளைச்சு கெடக்கு, நானே பாத்திருக்கேன். இங்க மட்டும் விவசாயிங்க ஆளுக்கு கொஞ்சமா போட்டு, ஊராட்சி பங்கு போட்டு, மாகாண அரசு வட்டியில்லாக் கடன் குடுத்து லைனை வாங்கிட்டாங்க. இது எங்க ஊரு மட்டும் செஞ்ச காரியம் இல்ல. தென்மேற்குல ஷானவன் ஊர்ல இருக்கிற கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 2004-ல அந்தப் பக்கத்து ஆளுங்களே சேந்து வாங்கினாங்க. ரெஜைனாவுல இருக்கிற ஏஜிடி ஃபுட்ஸ், மைசூர் பருப்பு உடைச்சு உலகம் பூரா அனுப்புற கம்பெனி, அவங்க கையிலயும் பிக் ஸ்கை, லாஸ்ட் மவுண்டன்னு குட்டி ரயில்வே வந்துச்சு. பருப்பு வியாபாரி ரயிலு வாங்குனான்னு அப்பாகிட்ட சொன்னப்போ அவரு ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாரு.

இந்த மாதிரி குட்டி ரயில்வேக்கு ஷார்ட் லைன்னு பேரு. சஸ்காச்சுவான்ல பத்துக்கு மேல இருக்கு. இதுல எதுவும் தனியா வாழ முடியாது, ஏன்னா எங்க தண்டவாளம் ஜங்ஷனோட முடிஞ்சிரும், அங்க இருந்து வான்கூவர் துறைமுகத்துக்கு வேகனை கொண்டு போக பெரிய ரயில்வேயாலதான் முடியும். அவங்களுக்கோ இந்த வயக்காட்டுக்குள்ள வந்து பத்து வேகன், இருபது வேகன்னு பொறுக்க கட்டாது, அதை நாங்க செய்றோம். பேப்பர்ல பார்ட்னர்னு போட்டிருக்கும், நான் பங்காளின்னுதான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன், எங்க பக்கம் பங்காளின்னா பங்கும் உண்டு, வழக்கும் உண்டு, ஆனா நல்லது கெட்டதுக்கு அவங்க இல்லாம முடியாது.

எப்படி நடக்குதுன்னா, கட்டணத்தை பெரிய ரயில்வேதான் போடும், வசூலும் அவங்கதான். வேகனுக்கு இவ்வளவுன்னு எங்களுக்கு ஒரு தொகை தருவாங்க. கோதுமை விலை ஏறினாலும் எங்க தொகை ஏறாது, ஒப்பந்தம் புதுப்பிக்கிறப்போ பேசிப் பாக்கலாம், அப்பவும் அவங்க பக்கம் வக்கீலுங்க, எங்க பக்கம் மேனேஜரும் ரெண்டு விவசாயியும். அந்தத் தொகையிலதான் சம்பளம், டீசல், ஸ்லீப்பர் கட்டை எல்லாம். தண்டவாளம் பழசு, கனம் கம்மி, அதனால நெறைய இடத்துல மணிக்கு பத்து மைலுக்கு மேல போகக்கூடாது. ஒரு வேகன்ல கிட்டத்தட்ட 90 டன் சரக்கு. அதையே ரோட்டுல அனுப்புனா பெரிய ரெட்டை டிரெய்லர் லாரி ரெண்டு வேணும், இங்க ரோடு பாதி மெல்லிசா தார் போட்டது, ரெண்டு மழைக்கு தாங்காது.

ஜங்ஷன்ல வேகனை கை மாத்துறதுக்கு இன்டர்சேஞ்ச்னு பேரு, என் வேலை முழுக்க அதுதான். எங்க வண்டி வேகனை கொண்டு போய் அந்த தனி லைன்ல நிறுத்தும், கையால பிரேக் முறுக்குவாங்க, நான் கம்ப்யூட்டர்ல வேகன் நம்பர், என்ன சரக்கு, எத்தனை மணிக்கு குடுத்தோம்னு ஏத்திவிடுவேன். அந்த மணி ரொம்ப முக்கியம். இன்னொருத்தர் வேகன் யார் கையில இருக்கோ அவங்க மணிக்கணக்குல வாடகை கட்டணும், நான் ஒரு மணி நேரம் தப்பா போட்டா காசு எங்க தலையில விழும். இந்த மாதிரி தாமதத்துக்கு கட்டுற காசுக்கு எங்கப்பா தொழில்ல டெமரேஜ்னு பேரு. எங்கப்பா மூட்டை எண்ணிக்கை சரி பாக்குற மாதிரி நானும் நம்பரை விரல் வச்சு ரெண்டு தடவை படிப்பேன்.

மொத வாரமே மேனேஜர் என்னை அந்த லைனுக்கு கூட்டிட்டுப் போனாரு, கிளார்க்குக்கு என்ன அவசியம்னு தோணுச்சு. வேகன் பக்கத்துல இருக்கிற இரும்புச் சக்கரத்தை என்னையே முறுக்கச் சொன்னாரு, கையுறைக்கு மேலயும் குளிர் ஏறுது, அரை சுத்துதான் என்னால முடிஞ்சுது. அப்புறம் லாக்-மெகாண்டிக் கதையை சொன்னாரு. 2013 ஜூலை 6, கியூபெக் மாகாணத்துல ஒரு ஊரு. கச்சா எண்ணெய் வண்டி, பெரிய ரயில்வே மான்ட்ரியல் வரை கொண்டு வந்து ஒரு சின்ன ரயில்வே கையில குடுத்தது, ராத்திரி சரிவுல நிறுத்திட்டு போயிருக்காங்க, கை பிரேக் போதுமான அளவு போடல, வண்டி தானா உருண்டு ஊருக்குள்ள போய் தீப்பிடிச்சு 47 பேர் செத்துப் போனாங்க. "நம்ம மாதிரி சின்ன லைன்தான் அது. காசு இல்லைங்கிறதுக்காக எதை வேணா குறைக்கலாம், இதை குறைக்கக் கூடாது"ன்னாரு. இப்பவும் எத்தனை பிரேக் போட்டாங்கங்கிற எண்ணிக்கை ரேடியோவுல வராம நான் அந்த நாள் கணக்கை மூட மாட்டேன்.

எங்களுக்கு பெரிய கஷ்டம் பிப்ரவரியிலதான் வரும். மைனஸ் 25-க்கு கீழ போனா நீளமான வண்டியில பிரேக்குக்கு காத்து கடைசி வேகன் வரைக்கும் நிக்காது, அதனால பெரிய ரயில்வேங்க வண்டி நீளத்தை குறைச்சிருவாங்க. அது நியாயம், பாதுகாப்பு விஷயம். ஆனா குறைக்கும்போது மொதல்ல விட்டுப் போறது எங்கள மாதிரி ஓரத்துல நிக்கிற சின்ன சரக்கைத்தான். ஒரு வருஷம் எங்க 24 வேகன் ஒம்பது நாள் அந்த லைன்ல பனி மூடி நின்னுச்சு. தினம் காலையில போன் போடுவேன், நாளைக்குன்னு சொல்வாங்க. வேகன் வாடகை அவங்க கணக்குக்கு போயிருச்சு, அதனால என்னன்னா காலி வேகன் திரும்பி வரல, காலி வேகன் இல்லாம அடுத்த லோடு ஏத்த முடியாது, லோடு இல்லாம எங்களுக்கு பணம் கிடையாது. ஒரு விவசாயி கப்பலுக்கு தேதி தவறி விலையில அடி வாங்கினாரு. அவரு ஆபீஸுக்கு வந்து சத்தம் போடுவாருன்னு பயந்துட்டு இருந்தேன், தொப்பியை எடுத்து மேசையில வச்சுட்டு அமைதியா உக்காந்திருந்துட்டு எழுந்து போனாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

இந்தச் சண்டை இங்க நூறு வருஷத்துக்கு மேல பழசு. 1902-ல சின்டலூட்டாங்கிற ஊர்ல, வேகனை வரிசைப்படி பிரிச்சுக் குடுக்கலைன்னு கனேடியன் பசிபிக்ங்கிற பெரிய ரயில்வேயோட ஸ்டேஷன் ஏஜென்ட் மேல விவசாயிங்க கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. ஒரு விவசாயி எலிவேட்டர் கம்பெனி வழியா போகாம தனக்குன்னு ஒரு வேகன் கேட்டு தானே லோடு பண்ற உரிமை இன்னும் சட்டத்துல இருக்கு, ப்ரொட்யூசர் கார்னு பேரு, எங்க லைன் மூச்சு விடுறதே அதுலதான். என் மனசுல ஒரு எண்ணம் ரொம்ப நாளா இருக்கு. இந்த நாள்ல வந்து எடுப்போம்னு பெரிய ரயில்வே எழுதிக் குடுக்கணும், வரலைன்னா எங்களுக்கு ஈடு தரணும், நாங்க லேட்டானா வாடகை கட்டுறோமே அதே மாதிரி. இதைக் கேக்குறதுக்கு பெரிய படிப்பு வேண்டியதில்ல.

2024 ஆகஸ்ட் 22-ந் தேதி கனடாவோட ரெண்டு பெரிய ரயில்வேயும் ஒரே நாள்ல நின்னு போச்சு, தொழிலாளர் ஒப்பந்தப் பிரச்சனை, கதவடைப்பு. அறுவடை ஆரம்பிக்கிற நேரம். எங்க ஆளுங்களுக்கு எந்த சண்டையும் இல்ல, இன்ஜின் தயாரா நிக்குது, ஆனா எங்க கொண்டு போறது? அரசாங்கம் தலையிட்டு சில நாள்ல ஓட ஆரம்பிச்சுது. அந்த நாள்ல எங்க ஆளுங்க சும்மா இருக்கலை, மேனேஜரும் சேந்து எல்லாரும் ஸ்லீப்பர் கட்டை மாத்துனாங்க, நான் வீட்டுல இருந்து தயிர்சாதம் கட்டிட்டுப் போனேன்.

பட்டாணி சமாச்சாரம் எனக்கு தெரிஞ்சது வேலைக்கு சேந்து ரெண்டாவது மாசம். லோடு பண்ற இடத்துல ஒரு வேகன் நம்பர் சரி பாக்கப் போனேன், லாரியில இருந்து நீளமான குழாய் வழியா வேகனுக்குள்ள ஏதோ மஞ்சளா கொட்டிக்கிட்டு இருந்துச்சு, கொஞ்சம் ஜல்லி மேல சிந்திக் கெடந்துது. குனிஞ்சு எடுத்துப் பாத்தா பட்டாணி. உருண்டை, லேசா மஞ்சள். எங்கப்பா கடையில கைய விட்டு அளைஞ்ச அதே பட்டாணி. எங்க போகுதுன்னு அந்த விவசாயிகிட்ட கேட்டேன், துறைமுகத்துக்கு, அங்க இருந்து இந்தியாவோ சைனாவோன்னாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, அவருக்கு என்னாச்சுன்னு புரியல. அவரு அதை இருபது வருஷமா விதைக்கிறாரு, ஒரு நாளும் சமைச்சு தின்னது இல்ல.

மறுநாள் ஐஸ்கிரீம் டப்பா நிறைய, நாலு லிட்டர் டப்பா, சுத்தமான பட்டாணி கொண்டு வந்து என் மேசையில வச்சாரு. ராத்திரி ஊறப்போட்டு காலையில வேக வச்சு, கடுகு, வரமிளகா தாளிச்சு, ரெஜைனாவுல வாங்கி வச்சிருந்த ஃப்ரோசன் தேங்காத் துருவலைப் போட்டேன். மாங்கா கிடைக்கல, புளிப்பு ஆப்பிள் பொடிசா நறுக்கிப் போட்டேன். காபி ரோவுக்கு எடுத்துட்டுப் போனேன். பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில பேப்பர் பொட்டலத்துல மடிச்சுத் தருவாங்களே அதே மாதிரி மடிச்சேன். அவரு ஒரு வாய் தின்னுட்டு பேசாம இருந்தாரு, அப்புறம் இன்னொரு பொட்டலம் கேட்டாரு.

அப்பாகிட்ட சொன்னப்போ அவரு 2017 நவம்பரை ஞாபகப்படுத்துனாரு. பட்டாணி இறக்குமதிக்கு இந்திய அரசு 50 சதவீதம் வரி போட்ட மாசம், கரும்பலகையில அந்த 'பட்டாணி வெள்ளை, கனடா'ங்கிறதை அழிச்சுட்டு ரொம்ப நாள் எழுதவே இல்லையாம். அதே மாசம் இங்க இந்த விவசாயி தானியத்தொட்டி நெறைய பட்டாணியை வச்சுக்கிட்டு வேகன் ஆர்டரை ரத்து பண்ணியிருக்காரு. 2023 டிசம்பர்ல வரியை எடுத்தப்போ அப்பா ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் பண்ணாரு, எங்களுக்கு பகல், ஆபீஸ்ல இருந்தேன், நான் மேனேஜர்கிட்ட சொல்லி அவரு காபி ரோவுல சொல்லி, அந்தச் சேதி இங்க ரேடியோவுக்கு முன்னாடி வந்து சேந்துது.

இப்ப அப்பா ரிட்டையர் ஆயிட்டாரு. வாரம் ஒரு தடவை பேசும்போது உடம்பு எப்படி, மருமகன் எப்படின்னு கேட்டுட்டு அடுத்து வேகனுக்கு வந்துருவாரு. நாளைக்கு காலையில 28 வேகன் ஜங்ஷனுக்கு போகுது, அதுல பதினாறு பட்டாணி, வெளியில மைனஸ் 22, வெள்ளிக்கிழமை எடுக்க வர்றோம்னு பெரிய ரயில்வேயில சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன்.

"டெமரேஜ் விழாம பாத்துக்க தாயி"ன்னாரு.