மெர்சி பிரவுனின் கல்லறையில்

ப்ராவிடன்ஸில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் எக்ஸிடர் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் காடும் பழைய கல்வேலிகளுமான சிற்றூர். 102ஆம் சாலையோரம் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம், பின்னால் கல்லறைத் தோட்டம். ரத்தக்காட்டேரியின் கல்லறை என்று தேடி வருகிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

கல்லில் இருப்பது இவ்வளவுதான்: மெர்சி, ஜார்ஜ் – மேரி பிரவுன் தம்பதியின் மகள், இறந்தது 1892 ஜனவரி 17, வயது 19. இந்தக் கல்லையே ஒருமுறை யாரோ திருடிப் போனார்கள். மீட்டுக் கொண்டுவந்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் காசநோய் முதலில் தாயைக் கொண்டுபோனது, 1883இல். அடுத்த வருடமே மூத்த மகள் மேரி ஆலிவ். பிறகு மகன் எட்வின் படுத்தான். நல்ல காற்றுக்காகக் கொலராடோ வரை போயும் தேறவில்லை. அதற்குள் மெர்சியும் போய்விட்டாள். எலும்புருக்கி என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். கண்ணெதிரே ஆள் கரைவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், செத்தவர்களில் ஒருவர்தான் எட்வினின் உயிரை உறிஞ்சுகிறார் என்று நம்பினார்கள். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அது யாரென்று கண்டுபிடிக்க மார்ச் 17 அன்று மூன்று உடல்களையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். தாயும் மூத்தவளும் கிட்டத்தட்ட எலும்பாகியிருந்தார்கள். மெர்சி மட்டும் கெடவில்லை, இதயத்தில் ரத்தமும் இருந்தது. அவள்தான் என்று முடிவுகட்டினார்கள். மண்ணில் புதைக்காமல் ஒரு கல் அறையில் வைத்திருந்தார்கள் அவளை. அந்த அறை இன்னும் நிற்கிறது. நான் போனது பிப்ரவரியில். கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போனது. இந்தக் குளிரில் இரண்டு மாத உடல் கெடாமல் இருந்ததில் என்ன அதிசயம்? கூட இருந்த மருத்துவரும் அது இயல்புதான் என்றார். யாரும் கேட்கவில்லை. இதயத்தையும் ஈரலையும் ஒரு பாறை மேல் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கி எட்வினுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். மே 2ஆம் தேதி அவனும் இறந்தான்.

ஊரார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா ஜார்ஜைத்தான் நினைத்துக்கொண்டே நின்றேன். அவருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. மிச்சமிருந்த ஒரே பையன் பிழைக்கட்டும் என்று தலையாட்டியிருக்கிறார். அதன் பிறகு 30 வருடம் உயிரோடிருந்தார். 1922இல்தான் அவரும் இங்கே, அவர்கள் பக்கத்தில் வந்து படுத்தார்.

மெர்சியின் கல் மேல் யாரோ ஒரு பிளாஸ்டிக் கோரைப்பல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.