தராசுக்கு மானியம் உண்டு, பேட்டரிக்கு இல்லை

வேளாண் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஓர் உழவர் சந்தையில் கழிந்தது. விடிகாலை நான்கு மணிக்கு வேலை தொடங்கும். நண்பகலுக்குள் கூட்டம் வடிந்துவிடும். அதன் பிறகுதான் மேசை, கோப்பு, முன்மொழிவு. காலையில் கண்ணால் பார்த்த சந்தை ஒன்று, மதியம் நிதி கேட்டுத் தாளில் எழுதிய சந்தை வேறொன்று. இரண்டுக்கும் இடையில் எத்தனை தூரம் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று கருணாநிதி தொடங்கிவைத்த முதல் சந்தையின் ஏற்பாடுதான் இன்றும் அடிப்படை. கடைக்கு வாடகை கிடையாது, தரகு கிடையாது, தராசு இலவசம். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே ஒரு விலையை அன்றன்று காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவோம். விற்பவர் மெய்யான விவசாயிதானா என்று தோட்டத்துக்கே போய்ப் பயிரைப் பார்த்து அடையாள அட்டை கொடுப்போம். அட்டையை எப்படியாவது வாங்கிக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கும் வியாபாரிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கத்தரிக்காய்த் தோட்டம் வைத்திருப்பதாக அட்டை வாங்கியவர் ஊட்டி கேரட்டோடு வந்து உட்கார்ந்தால், அவரோடு வாதாடுவதும் அன்றைய வேலையில் சேரும்.

தராசைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் விவசாயி அடையாள அட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டு ஒரு மின்னணுத் தராசை எடுத்துப் போவார். திருப்பித் தரும்போது அட்டை கைக்கு வரும். கீரைக்காரர்களின் தட்டில் எப்போதும் தண்ணீர் சொட்டும். அது தட்டுக்கு அடியில் இறங்கினால் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். பேட்டரி பழையதென்றால் ஒன்பது மணிக்கெல்லாம் திரை மங்கிப்போகும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு வார்த்தை பேச மாட்டார், அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். விவசாயி தக்காளியைக் கூறு கட்டி, வந்த விலைக்குத் தள்ளுவார். புதிய தராசுகள் வேண்டும் என்று எழுதினால் ஏதாவது ஒரு திட்டத்தில் மொத்தமாக வந்து இறங்கும். பழைய தராசுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், ஆண்டுதோறும் எடை சரிதான் என்று முத்திரையிட வேண்டும் என்றால் அதற்குச் செலவுக் கணக்கில் தலைப்பு கிடையாது. விற்பனைக் குழுவின் அன்றாடச் செலவில் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்க வேண்டும்.

குளிர் அறையின் கதையும் இதுதான். எங்கள் சந்தைக்கும் ஒன்று வந்தது. விற்காமல் மிஞ்சும் காயை வைத்து மறுநாள் விற்கலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெண்டையும் அவரையும் கொண்டுவரும் ஓர் அம்மாவிடம் மீதியை உள்ளே வைத்துப் போகச் சொன்னபோது, "நாளைக்கு எனக்குப் பறிப்பு இல்லை சார். இந்த மூன்று கிலோவுக்காக ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வருவேனா?" என்று கேட்டார். யாருடைய பெட்டி எது, எத்தனை கிலோ, எப்போது எடுப்பார் என்று குறித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால், மறுநாள் வரும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விற்கச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கலாம். அந்த ஆளுக்குச் சம்பளம் தர எந்த மானியத்திலும் இடமில்லை. அறைக்கு உண்டு.

சந்தைக்கு மெய்யாகவே உதவிய அரசுப் பணம் எங்கள் கணக்கில் வரவே இல்லை என்பது என் எண்ணம். அது போக்குவரத்துத் துறையின் கணக்கில் இருந்தது. விடியலுக்கு முன் கிராமத்திலிருந்து புறப்படும் முதல் டவுன் பஸ் நேரத்துக்கு வந்தால் சந்தை நிறையும். ஒருமுறை அந்த பஸ்ஸின் நேரத்தைத் தள்ளிவைத்தார்கள். அரை மணி சொச்சம்தான், ஆனால் அந்தத் தடத்தில் வரும் கீரைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கீரைக்கு ஆறு மணி விலை வேறு, எட்டு மணி விலை வேறு. 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தபோது அதை யாரும் வேளாண் திட்டமாகப் பேசவில்லை. எங்கள் வாசலில் கூடையோடு இறங்கும் பெண்கள் கூடினார்கள் என்பதை நான் பார்த்தேன்.

கட்டடம் இல்லாமலே சந்தை நடந்ததையும் பார்த்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் பல ஊர்களைப் போல எங்கள் சந்தையும் பேருந்து நிலையத்துக்கு மாறியது. தரையில் சுண்ணாம்புக் கட்டங்கள், மேலே வானம். விற்பனை குறையவில்லை. அப்போது வேறு கடைகள் அடைத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தக் கூட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் தராசு, விலைப் பலகை, வரிசை போட நான்கு ஆட்கள் இருந்ததால்தான் அன்றைக்குச் சந்தை ஓடியது.

உழவர் குழுக்களிலும் இதே போக்கைக் கண்டேன். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு பேர் சேர்ந்த குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தந்தார்கள். அது பெரும்பாலும் டிராக்டராகவும் பவர் டில்லராகவும் சுழல் கலப்பையாகவும் மாறியது. விற்பனைக்குப் போகும் வழியை அந்தப் பணம் தொடவில்லை. மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் (விவசாயிகளே சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள்) திட்டம், 2020இல் வந்தது, இந்த ஒரு விஷயத்தில் புத்திசாலித்தனமானது என்பேன். நிர்வாகச் செலவுக்கென்றே ஓர் அமைப்புக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உண்டு. தலைமைச் செயல் அலுவலரின் சம்பளமும் அதில் அடங்கும். ஆளுக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஒரு திட்டமாவது ஒப்புக்கொண்டது. மூன்றாண்டு போதுமா என்றால், போதாது. காய்கறி வாங்கி விற்கும் நிறுவனத்துக்கு முதல் வருடம் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் உறுப்பினர் சேர்ப்பதிலும் ஓடிவிடுகிறது. தொழில் கைக்குப் பிடிபடும் நேரத்தில் சம்பளம் நின்றால், கற்றுக்கொண்ட இளைஞர் உரக் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்.

மார்ச் மாதம் வந்தால் இதெல்லாம் பேச நேரம் இருக்காது. 31ஆம் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், புகைப்படம் இணைக்க வேண்டும். படத்தில் விழக்கூடிய பொருளுக்கே நிதி எளிதாகக் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. நேரத்துக்கு வந்த பஸ்ஸையும் ஒழுங்காகக் குறித்த பேரேட்டையும் எப்படிப் படம் எடுப்பது?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் சந்தையின் தேவைப் பட்டியலில் ஒரே ஒரு வரி எழுதினேன்: சந்தை உதவியாளர், இருவர், காலை 4 மணி முதல் 12 மணி வரை. கோப்பு திரும்பி வந்தது. இது மூலதனச் செலவு ஆகாது, கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தால் தனி முன்மொழிவு அனுப்பலாம் என்று குறிப்பு இருந்தது. அனுப்பினோம். கூரையும் ஒழுகத்தான் செய்தது.