உலாவி விளையாட்டுகளில் திருத்த வேண்டியவை

2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம், உலாவியில் விளையாட்டுகளை இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியதோடு, பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் நாங்கள் ஆடித் தீர்த்த விளையாட்டுகள் பலவும் போய்விட்டன. அவற்றின் இடத்திற்கு, உலாவியே நேரடியாக இயக்கும் எச்டிஎம்எல்5 விளையாட்டுகள் வந்திருக்கின்றன. தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது பெரிய வசதிதான். ஆனாலும் ஆடுகிறவன் என்ற முறையில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு.

பல சிறு விளையாட்டுகள் நம் ஆட்ட நிலையை உலாவிக்குள்ளேயே சேமிப்பதால், கைப்பேசியில் இடமில்லை என்று உலாவித் தரவை அழித்தால் கடந்த கட்டங்கள் அனைத்தும் ஒருசேரப் போய்விடும். இதற்காகக் கணக்குத் தொடங்கச் சொல்ல வேண்டாம். ஆட்ட நிலையைக் கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் போதும்.

2014இல் வெளிவந்த, எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் 2048 என்ற விளையாட்டைப் பின்பற்றி எழுந்த ஆட்டங்கள் சிலவற்றில், எண்களைக் கீழே தள்ள விரலை இழுத்தால் பக்கமே புதிதாக ஏறத் தொடங்கிவிடுகிறது. தென்காசிப் பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது இப்படி நேர்ந்தால் எரிச்சல் சொல்லி மாளாது. பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி சேர்த்தால் தீரும் குறை இது.

தமிழ்ச் சொல் விளையாட்டுகளின் சிக்கல் இன்னும் ஆழமானது. 'நெல்லை' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறியீடுகள். குறியீடுகளை எண்ணிக் கட்டம் போடும் ஆட்டம் சரியான விடையையும் தவறென்றே சொல்லும். உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொள்ளும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கும்போது அதைப் பயன்படுத்தாதது சோம்பல் என்பேன். கூடவே, எழுத்து சரியா என்று காட்டப் பச்சை, மஞ்சள் நிறங்களை மட்டும் நம்பாமல் கட்டத்தில் ஒரு குறியும் இட்டால் நிறக்குறைபாடு உள்ளவர்களும் தடுமாறாமல் ஆடலாம்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், உருவாக்கியவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. அது ஆட்டத்தின் நடுவில் குறுக்கிடாமல் ஒரு கட்டம் முடிந்த பிறகு வரட்டும்.