காப்பிக்காகப் போட்ட தண்டவாளம்: கொழும்பிலிருந்து பதுளை வரை

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் காலையில் ஏறினால் பதுளை போய்ச் சேர ஒரு பகல் முழுசாக வேண்டும். தூரம் சுமார் 290 கிலோமீட்டர்தான், ஆனால் பாதை அப்படி. கடலோரத்தில் கிளம்பி, 6,226 அடி உயரம் வரை ஏறி, பிறகு ஊவா மாகாணப் பக்கம் இறங்குகிறது. ஊட்டி ரயிலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு முதல் ஆச்சரியம் தண்டவாளம்தான். ஊட்டிக்கு மீட்டர் கேஜ், செங்குத்தான ஏற்றத்துக்கு நடுவில் பல் தண்டவாளம். இங்கே பல் தண்டவாளமே கிடையாது. ஐந்தரை அடி அகலப்பாதையில் முழு நீள ரயிலே மலை ஏறிவிடுகிறது.

இப்போது உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து வாசற்படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், அழகு அப்படிப்பட்டதுதான். ஆனால் தண்டவாளம் எந்த வருடம் எந்த ஊர் வரை வந்தது என்று தெரிந்துகொண்டு ஏறினால், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கதையும் ஓடும்.

கண்டியைச் சுற்றியிருந்த காடுகளை வெட்டி வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி போட்ட காலம். விளைந்தது எல்லாம் மாட்டு வண்டியில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியாக வேண்டும். ரயில் வேண்டும் என்று 1845-லேயே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1858-ல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு கைமீறிப் போகவே, கம்பெனியிடமிருந்து அரசாங்கம் வேலையை எடுத்துக்கொண்டது. 1864 டிசம்பர் 27 அன்று முதல் ரயில் அம்பேபுசை வரை, 54 கிலோமீட்டர் ஓடியது. 1867-ல் கண்டி. கப்பலுக்குக் காப்பி மூட்டை போய்ச் சேரும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

றம்புக்கணை வரை வயல், தென்னை, வெயில். அதற்கப்புறம்தான் மலை. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடி போனால் ஓரடி உயரம் என்ற கணக்கு, கிட்டத்தட்ட 12 மைலுக்கு. ரயிலின் சத்தமே மாறிவிடுகிறது. ஒரு பக்கம் கையை நீட்டினால் தொடலாம் போலப் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் பத்தலேகலைக் குன்று தட்டையான தலையோடு நெடுநேரம் கூடவே வருகிறது.

பேராதனையைத் தாண்டியதும் கதையும் திரும்புகிறது. 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அதற்குள் தண்டவாளம் தெற்கே நகரத் தொடங்கியிருந்தது. 1874-ல் நாவலப்பிட்டி வந்தது. 1885-ல் நானுஓயாவை எட்டும்போது காப்பி ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் போட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காப்பியை நம்பிப் போட்ட பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

துரைமார் பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. காட்டை வெட்டியவர்கள், காப்பி பறித்தவர்கள் பெயர்கள் இல்லை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள், கூட்டிவந்த சனம் அது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914-ல்தான். மூட்டைக்கு ரயில் கிடைத்துக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து.

என் அம்மாச்சி தலவாக்கலைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும். அம்மாச்சி குடும்பம் இந்தியக் கணக்கில் வந்தது. இதே பாதையில் இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர்த் தேயிலைத் தோட்டம். ரயிலை அவர் கடைசிவரை கோச்சி என்றுதான் சொன்னார். தலவாக்கலை ஸ்டேஷனில் வழியனுப்ப வந்த சனம் பிளாட்பாரத்தில் உருண்டு அழுததைச் சொல்லும்போது, கோச்சி ஊதிய இடத்தில் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை.

நாவலப்பிட்டியில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"கூடலூருங்க ஐயா. நீலகிரி."

"கூடலூரா! எங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க எல்லாம் அங்கதான்" என்று சொல்லி, பழைய நோட்டுப் புத்தகத் தாளில் சுற்றியிருந்த வடையில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மேலே ஒரு முழு இறால், தாளில் ஏதோ பிள்ளை போட்ட பெருக்கல் கணக்கு. கொட்டகலையில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த மலை என்று விரல் நீட்டிக் காட்டியபடி.

இந்தப் பகுதியில் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஸ்டேஷனில் நடக்கும் வளையப் பரிமாற்றம். ஒற்றைப் பாதை என்பதால் அடுத்த ஸ்டேஷன் வரை போவதற்கான அனுமதி ஒரு உலோக வில்லையாக டிரைவர் கைக்கு வர வேண்டும். அந்த வில்லை தோல் பைக்குள், பை பெரிய வளையத்தில். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே வரும். அதனால் எதிரே இன்னொரு ரயில் வர வழியே இல்லை. ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, இஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதைத் தோளோடு வாங்கிக்கொள்கிறது. விக்டோரியா காலத்து ஏற்பாடு, பார்க்கப் பார்க்க மரியாதை கூடுகிறது.

பட்டிப்பொலவில் குளிர் தாக்கியது. அதைத் தாண்டி உச்சி, பலகையில் 6,226 அடி. பிறகு ஒரு சுரங்கம். நாங்கள் போன அன்று இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் ஊவாவில் பளிச்சென்ற வெயில். இதல்கஸ்ஹின்னவில் மலை முதுகிலேயே ஸ்டேஷன், இரண்டு புறமும் பள்ளம்.

1893-ல் அப்புத்தளை, 1894-ல் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1924-ல். நடுவில் முப்பது வருடம்! ஏன் என்பதற்குப் பதில் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையில் கிடக்கிறது. ஒன்பது வளைவுப் பாலம் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். இரும்பே இல்லாமல் கல், செங்கல், சிமெண்டில் கட்டியது. முதல் உலகப்போருக்கு இரும்பு போய்விட்டதால் ஊர் ஆட்களை வைத்து இப்படிக் கட்டினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

ஆனால் என் மனசு தெமோதரவில்தான் ஒட்டிக்கொண்டது. ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பி, மலையை ஒரு சுற்று சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. சரிவு அவ்வளவு கடுமை என்பதால் நேராக இறக்க முடியவில்லை. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்து இஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். இருந்தாலும் மலையகத் தமிழனின் தலைப்பாகை இந்தப் பாதையின் கதையில் இடம் பிடித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று. முக்கால்வாசிப் பேர் எல்லவிலேயே இறங்கிவிடுகிறார்கள். இறங்காதீர்கள். பெட்டி காலியாகி ஜன்னல் சீட் தானாகக் கிடைக்கும். பாலமும் தெமோதரச் சுற்றும் அதற்கப்புறம்தான் வருகின்றன. எல்லவைப் பார்க்க வேண்டுமென்றால் பதுளையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்துகொள்ளலாம்.