வயதா, இனமா? பிரித்து எழுதச் சொன்னார்கள்

லண்டனில் ஒரு கெயார் ஹோமில் பல வருஷம் வேலை செய்தேன். 2022இல் சீனியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது எனக்கு வயது 56. பதவி போனது நான் வேலை பழக்கிவிட்ட இளம் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு.

காரணம் கேட்டேன். வயது பிரச்சினையே இல்லை, 60 வயது வெள்ளைக்காரர் ஒருவர் இதே பதவியில் இருக்கிறாரே என்றார் மனேஜர். இனமும் இல்லையாம், இளம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி டீம் லீடராம். இரண்டும் உண்மைதான். ஆனால் என்னைப்போல வயதும் போன, நிறமும் வேறான பெண் ஒருத்தி அங்கே மேலே போனதை நான் கண்டதில்லை.

யூனியன்காரர் முதலில் செய்யச் சொன்னது, என்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளை எழுத்தில் கேட்பது. காசு கட்டத் தேவையில்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வந்த கட்டில் நேர்முகத் தேர்வுத் தாள் இருந்தது. புள்ளிகள் நல்லாகவே இருந்தன. ஓரத்தில் பேனாவால் இரண்டு வரி: ‘இளம் டீமோடு ஒத்துப்போவாரா?’, ‘போனில் இவர் பேசுவது குடும்பங்களுக்கு விளங்குமா?’ (அந்தக் குடும்பங்கள் போன் எடுத்தால் என்னைத்தான் கேட்பார்கள்.)

உள்ளே கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று இருந்துவிடக் கூடாது. வழக்குப் போடும் கெடு அதற்காக நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைய, அதற்குள் ஏகாஸ் சமரச அமைப்பில் பதிய வேண்டியிருந்தது. அவர்கள் தரும் சான்றிதழ் எண் இல்லாமல், வேலை வழக்குகளை விசாரிக்கும் ட்ரிபியூனலில் வழக்குப் படிவத்தை ஏற்க மாட்டார்கள். 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ட்ரிபியூனலில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை.

படிவத்தில் வயது, இனம், பால் என்று தனித்தனிப் பெட்டிகள். மூன்றிலும் டிக் போட நினைத்தேன். பெண் என்பதை விடுங்கள், பதவி போனதும் பெண்ணுக்குத்தானே என்றார் வக்கீல். இரண்டு காரணங்களைச் சேர்த்து வாதாட 2010 சமத்துவச் சட்டத்தில் 14ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. கமலேஷ் பாஹ்ல் என்ற ஆசியப் பெண் வக்கீலின் வழக்கிலும் 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இனத்தையும் பாலையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னது. எனக்கு இது இன்னும் எரிச்சல்.

சரி, பிரித்தே எழுதினோம். தேர்வுத் தாளின் ஓரத்தில் இருந்த முதல் வரி வயதுக்கு ஆதாரம், இரண்டாவது இனத்துக்கு. இப்படி ஏதாவது காட்டிவிட்டால், பாகுபாடு இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு.

விசாரணைக்கு முன்பே ஏகாஸ் மூலம் சமரசத்துக்கு வந்தார்கள். தொகையைச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. பரிந்துரைக் கடிதத்தின் வாசகத்தையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொன்னேன். புதிதாக வந்தவர்களுக்கு வேலை பழக்கியவர் என்ற வரியோடு.